ஒரு குருவியோடு எட்டு ஆண்டுகள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, நல்லூர், யாழ்ப்பாணம்

சென்ற இதழில் அமெரிக்கப் பறவையியலாளர் மார்கரெட் மோர்ஸ் நைஸ் (1883–1974) பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், தன் வீட்டருகே வாழ்ந்த பாட்டுக்குருவிகளின் கால்களில் வளையமிட்டு எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர், ஐந்து பெண் பிள்ளைகளின் தாய் என்ற இரண்டு செய்திகளுக்கு மட்டுமே அங்கே இடமிருந்தது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட மிகப் பலர். இந்த இதழின் பகுதி முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு ஒருவரால் எப்படி விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய முடிந்தது? அவர் கலாநிதிப் பட்டம் பெற்றவரா? எந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தார்?
— உயர்தர உயிரியல் மாணவி, உரும்பிராய்

அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகிக்கவில்லை, பிள்ளை. கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கவும் இல்லை. அவர் படித்த மவுண்ட் ஹோலியோக் கல்லூரி 1955 இல் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் பிறந்தார். தந்தை வரலாற்றுப் பேராசிரியர். புத்தகங்கள் நிறைந்த வீடுதான். ஆனாலும், 1906 இல் பட்டம் பெற்ற மகள் இனி வீட்டோடு இருக்க வேண்டும் என்பதே பெற்றோரின் விருப்பம். நம் ஊர் வீடுகளில் இன்றும் கேட்கிற அதே பேச்சு. அவர் அதை மீறி கிளார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஒரு காடை இனப் பறவை என்ன உண்கிறது என்று ஆராய்ந்து 1910 இல் கட்டுரை வெளியிட்டார். அதற்கிடையில், 1909 இல், லெனர்ட் பிளெய்ன் நைஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். மேற்கொண்டு கலாநிதிப் பட்டத்துக்குப் படி என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பெண்ணிடம் யாரும் சொல்லாமல் விடுகிற அந்த ஒரு வார்த்தையால் எத்தனை வாழ்க்கைகள் திசை மாறுகின்றன என்பதை வகுப்பறையில் நின்றபடி நான் பார்த்திருக்கிறேன்.

கணவர் உடலியங்கியல் பேராசிரியர். அவருக்கு வேலை கிடைத்த ஊர்களுக்கெல்லாம் குடும்பமும் போனது: 1913 இல் ஒக்லஹோமாவின் நோர்மன், 1927 இல் கொலம்பஸ், 1936 இல் சிக்காகோ. ஒவ்வொரு இடமாற்றத்திலும் பறவைகளும் மாறின. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த ஆண்டுகளில், அவர்கள் பேசப் பழகும் விதத்தையே மார்கரெட் ஆராய்ச்சிப் பொருளாக்கினார். எந்த வயதில் எத்தனை சொற்கள், எப்போது முழு வசனம் என்று குறித்துவைத்து, உளவியல் இதழ்களில் கட்டுரைகளாக வெளியிட்டார். பிள்ளைகள் வளர்ந்ததும் குடும்பத்தோடு கூடாரம் அடித்து ஒக்லஹோமா முழுவதும் பறவைக் கணக்கெடுத்தார். அம்மாநிலப் பறவைகள் பற்றிய நூல் கணவன், மனைவி இருவர் பெயரிலும் 1924 இல் வந்தது. மரத்தில் ஏறிக் கூடு பார்த்துச் சொன்னவர்கள் பெண் பிள்ளைகள்தான்.

துயரமும் இருந்தது. எலெனர் என்ற மகள் ஒன்பது வயதில் இறந்துபோனாள். அதன் பிறகும் அவர் ஆற்றங்கரைக்குப் போனார், குறிப்பு எழுதினார். அதை மனவலிமை என்று புகழ்ந்துவிட்டு நகர எனக்கு மனமில்லை. அந்த வேலை அவருக்கு மூச்சுக் காற்றாக இருந்திருக்கிறது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

உன் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: ஆராய்ச்சிக் களத்தை வீட்டு வாசலுக்கு அருகில் வைத்துக்கொண்டார். கொலம்பஸில் ஒலென்டான்ஜி ஆற்றங்கரையில், இரண்டு பாலங்களுக்கு நடுவே, பற்றையும் களையும் மண்டிய வெள்ளநிலம் ஒன்று அவருடைய வீட்டை ஒட்டிக் கிடந்தது. அதற்கு இன்டர்பொன்ட் என்று பெயர் வைத்தார். விடியலில் போய்ப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் எழும்ப முன்னர் திரும்பக்கூடிய தூரம். அந்த வசதியை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கரைத்துவிடாமல் எட்டு ஆண்டு ஒழுங்காகப் பயன்படுத்தினார். தன்னை இல்லத்தரசி என்று குறிப்பிட்டவர்களிடம், தான் பயிற்சி பெற்ற விலங்கியலாளர் என்று திருத்திச் சொன்னார். நீயும் உன்னை அப்படியே அழைத்துக்கொள்ளும் நாள் வர வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு குருவி என்ன செய்தது என்று எழுதிவைப்பதால் யாருக்கு என்ன பயன்? மக்களுக்கு வேண்டிய ஆராய்ச்சிகள் எத்தனையோ இருக்கின்றனவே.
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், காரைநகர்

ஐயா, உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்கு மார்கரெட்டின் வாழ்க்கையிலிருந்தே பதில் எடுக்கிறேன்.

1919 இல் அவர் நோர்மனில் இருந்தார். வீட்டுப் பொறுப்புகளால் பறவைகளிடமிருந்து பல ஆண்டு விலகியிருந்த காலம். ஓகஸ்ட் மாதத்தில் புறா வேட்டைக்கு அனுமதி கொடுக்கலாம், அதற்குள் குஞ்சுகளெல்லாம் பறந்துவிடும் என்று ஒரு பேச்சு எழுந்தது. அங்கே பரவலாக வாழும் ஒரு காட்டுப் புறா இனம் அது. மார்கரெட் வெளியே போய்க் கூடுகளைத் தேடிப் பார்த்தார். ஓகஸ்டில் கூடுகளில் குஞ்சு இருந்தது. செப்டெம்பரிலும் இருந்தது. ஒக்டோபர் வரை போனது. புறாவின் குஞ்சு தாய், தந்தை இரண்டின் தொண்டைப்பையிலும் சுரக்கும் பாலில் வளர்வது. பெரிய பறவையைச் சுட்டால் கூட்டில் இருக்கும் குஞ்சு பட்டினியில் சாகும். அவர் தேதியோடு எழுதிவைத்த கூடுகளின் பட்டியல்தான் அந்தப் பேச்சுக்கு மறுமொழியானது. பறவையியலுக்கு அவர் திரும்பி வந்ததும் இந்தப் புறாக்களால்தான்.

சட்டம் போடுகிறவருக்கும் துவக்குத் தூக்குகிறவருக்கும் முன்னால் ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்வது போதாது. எந்த நாள், எந்த மரம், எத்தனை முட்டை என்று சொல்ல வேண்டும்.

இனி நம் பக்கம் வருகிறேன். மன்னார்த் தீவில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வரும் பறவைகளின் வான்வழி நம் வடகரையில்தான் இலங்கையைத் தொடுகிறது. மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும். எந்தப் பறவை எந்த மாதத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கமாகப் பறக்கிறது என்று கேட்டால், அதற்கு ஆண்டுக்கணக்கில் எடுத்த குறிப்பு தேவை. அவசரம் வந்த பிறகு ஆறு மாதத்தில் அதைச் சேகரிக்க முடியாது, ஐயா. அவசரம் இல்லாத காலத்தில் யாரோ ஒருவர் பொறுமையாக எழுதியிருக்க வேண்டும்.

பாட்டுக்குருவி விடயத்திலும் அப்படித்தான். இது நம் வீட்டு வளையில் கூடு கட்டும் அடைக்கலக் குருவியின் இனம் அன்று. வட அமெரிக்காவுக்கே உரிய, நெஞ்சில் தவிட்டுக் கோடுகள் ஓடும் சின்னஞ்சிறு பறவை. அங்கே வேலிக்கு வேலி இருப்பது. அதனாலேயே அதை யாரும் கூர்ந்து பார்க்கவில்லை. மார்கரெட் 1928 இல் வளையமிடத் தொடங்கினார். ஒவ்வொரு குருவியையும் தனித்தனியாக அறிந்த பிறகு பழைய நம்பிக்கைகள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. ஒரே ஆற்றங்கரையில் வாழும் ஆண் குருவிகளில் சில குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கின, சில தெற்கே போய் வந்தன. ஆண் பறவை தன் எல்லையை எப்படிக் காக்கிறது, பெண் வந்ததும் அதன் பாட்டு எப்படிக் குறைகிறது, கௌபேர்ட் என்ற பறவை தன் முட்டையை இக்குருவிகளின் கூட்டில் இட்டுவிட்டுப் போனால் என்ன நடக்கிறது, ஒரு குஞ்சு அடுத்த ஆண்டைக் காண எவ்வளவு வாய்ப்பு என்பவையெல்லாம் பெயர் தெரிந்த பறவைகளின் வாழ்க்கை வரலாறுகளாக அவருடைய கொப்பிகளில் சேர்ந்தன. 4எம் என்று அவர் குறித்த ஓர் ஆண் குருவியை 1935 மே மாதத்தில் ஒரு நாள் விடியலிலிருந்து மாலை வரை பின்தொடர்ந்தார். அது அன்று 2,305 முறை பாடியது.

இவ்வளவு நீண்ட ஆய்வை வெளியிட அமெரிக்க இதழ்களில் இடம் கிடைக்கவில்லை. எர்ன்ஸ்ட் மாயர் என்ற உயிரியலாளர்தான் வழிகாட்டினார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் நடத்திய ஜேர்மன் இதழில் 1933, 1934 ஆம் ஆண்டுகளில் முதலில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் இரண்டு பாகங்களாக 1937, 1943 ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கில் வெளியானது. 1942 இல் அமெரிக்கப் பறவையியலின் உயர்ந்த விருதான புரூஸ்டர் பதக்கம் கிடைத்தது. விலங்கு நடத்தையியலுக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கொன்றாட் லோரன்ஸின் வீட்டுக்கு 1938 இல் போய் அவரோடு இருந்து கற்றார். இந்தத் துறையில் வேலை செய்கிற எவரும் அவருடைய இரண்டு பாகங்களைக் கடக்காமல் போக முடியாது.

கேள்வி: பறவையின் காலில் வளையம் இடுவது எப்படி? எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகப் பிள்ளைகளோடு நாங்களும் செய்து பார்க்கலாமா?
— இளம் ஆசிரியர், சாவகச்சேரி

செய்யக் கூடாது, தம்பி. நல்ல எண்ணத்தோடு கேட்கிறீர்கள் என்பது தெரிகிறது. அதனால் காரணத்தையும் சொல்கிறேன். எண் பொறித்த அலுமினிய வளையத்தை 1899 இல் டென்மார்க் ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் மைனா இனப் பறவைகளுக்கு இட்டுத் தொடங்கிவைத்தார். அவரும் உங்களைப் போல ஒரு பாடசாலை ஆசிரியர்தான். மார்கரெட் எண் வளையத்தோடு நிற வளையங்களையும் சேர்த்து இட்டார். சிவப்பு, பச்சை, நீலம் என்று சேர்க்கை மாறினால் பறவையை மறுபடி பிடிக்காமலே தூரத்திலிருந்து இன்னது என்று சொல்லலாம். வளையத்தின் விட்டம் கொஞ்சம் தவறினால் கால் வீங்கும், வலையில் அதிக நேரம் விட்டால் இதயம் நிற்கும். நம் நாட்டில் 1937 இல் வந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பறவைகளுக்கு உண்டு. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும், பயிற்சி பெற்றவரின் கையும் இல்லாமல் ஒரு குருவியைக்கூடப் பிடிக்க வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்தி, அவை வட துருவ வட்டாரம் வரை போவதைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அது அப்படிப்பட்ட கைகளின் வேலை.

பிடிக்காமல் செய்யக்கூடிய வேலையே பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குப் போதும். கடைசிப் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நான் கோப்பாயில் பிறந்தவள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கனடாவில் இருக்கிறேன். நீங்கள் எழுதிய அம்மையாருக்கும் இந்த நாட்டுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? குளிர்காலத்தில் யன்னல் வழியே பறவை பார்ப்பதுதான் எனக்கு ஆறுதல்.
— வாசகி, ஸ்காபரோ

உண்டு தங்கச்சி, அதுவும் உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில். இந்தக் கடிதத்துக்கு எழுதும்போது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ரொறன்ரோவில் 1894 இல் பிறந்தவர் டோரிஸ் ஹியூஸ்டிஸ் ஸ்பியர்ஸ். ஓவியர், கனடாவின் புகழ்பெற்ற ஓவியர் குழுவின் தோழி. பிறகு பறவைகளின் பக்கம் வந்தார். குளிர்காலத்தில் கூட்டமாக வரும், தடித்த அலகும் மஞ்சள், கறுப்பு உடலும் கொண்ட ஈவினிங் குரோஸ்பீக் என்ற பறவையைத் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார். அந்நாளில் ரொறன்ரோவின் பறவையியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். டோரிஸ் 1952 இல் பெண்களுக்காகத் தனியாக ஒரு கழகத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் மார்கரெட் நைஸ் பறவையியல் கழகம்.

அந்தப் பெயரை அவர் ஏன் தேர்ந்தார் என்பது விளங்குகிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, 1938 இல், மார்கரெட் வில்சன் பறவையியல் சங்கத்தின் தலைவராகியிருந்தார். அமெரிக்காவின் பெரிய பறவையியல் சங்கம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர். எல்லைக்கு அப்பால் ஒரு பெண் தலைவராக இருக்கலாம், இங்கே உறுப்பினராகக்கூட முடியாதா என்ற கேள்வியை அந்தப் பெயர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

ஆய்வு செய்கிறவரைப் போலவே, ஆய்வுக்கு இடம் உண்டாக்குகிறவரையும் நான் மதிக்கிறேன். டோரிஸ் இரண்டும் செய்தார். மார்கரெட்டும் அப்படியே. சிக்காகோவுக்குப் போன பிறகு வாசலில் ஆற்றங்கரை இல்லை. அப்போது ஐரோப்பிய மொழிகளில் வந்த ஆய்வுகளைப் படித்து, அவற்றின் சாரத்தை ஆங்கில இதழொன்றில் ஆயிரக்கணக்கான குறிப்புகளாக எழுதினார். ஜேர்மன் தெரியாத ஓர் அமெரிக்க இளைஞன் பெர்லினில் என்ன நடக்கிறது என்று அவர் வழியாகத்தான் அறிந்தான். தன் பெயர் பெரிதாக வராத அந்த உழைப்பு எனக்கு அவருடைய குருவி ஆய்வுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

டோரிஸ் 1989 இல் இறந்தார். அவரும் கணவர் மரே ஸ்பியர்ஸும் வாழ்ந்தது பிக்கரிங்கில். அல்டோனா காட்டில் ஒரு பகுதி இன்று அவர் கணவர் பெயரில் சூழலியல் ஒதுக்கிடமாகக் காக்கப்படுகிறது. கனடியப் பறவையியலாளர் சங்கம் வாழ்நாள் பணிக்காக வழங்கும் உயர்ந்த விருது டோரிஸின் பெயரில். நம் ஊர்ச் சனம் பிக்கரிங்கிலும் ஏஜாக்ஸிலும் எவ்வளவு பேர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை அந்தக் காட்டுக்குப் போய் வாருங்கள். யன்னலில் பார்ப்பதையும் தேதியோடு எழுதுங்கள். அதுவும் ஒரு களம்தான்.

கேள்வி: நம் தமிழ் நிலத்துப் பறவைகளை அக்காலத்தில் எந்தப் பெண்ணாவது ஆராய்ந்தாரா?
— வாசகர், பருத்தித்துறை

எலிசபெத் குவில்லிம் என்ற ஆங்கிலப் பெண்மணியைச் சொல்வேன். சென்னை உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த கணவரோடு 1801 இல் வந்தவர். 1807 இல் அங்கேயே இறந்தார். கோட்டைக்குள் புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம். ஆறு ஆண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளை, இறகின் ஒவ்வொரு தூவியும் தெரியும்படி, உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்தார். பிறகு அவை நூறு ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. கேஸி வூட் என்ற கண் மருத்துவர் லண்டனில் 1924 இல் கண்டெடுத்து, கனடாவின் மக்கில் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சேர்த்தார். இந்தியப் பக்கம் இன்னும் ஒருவர்: பீகாரின் காடுகளில் பறவை பார்த்து 1949 முதல் கட்டுரைகள் எழுதிய ஜமால் ஆரா. அவரைப் பற்றித் தனியாக எழுத ஆசை இருக்கிறது.

கேள்வி: மகள் உயர்தரம் எழுதிவிட்டு விலங்கியல் படித்துப் பறவை ஆராய்ச்சிக்குப் போகப் போவதாகச் சொல்கிறாள். சொந்தக்காரர், ‘பொம்பிளைப் பிள்ளை காடு கரம்பை என்று திரியவா?’ என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?
— ஒரு தாய், கொக்குவில்

அம்மா, சொந்தக்காரருக்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். மகளுக்குச் சொல்லுங்கள்: படி என்று. மார்கரெட்டுக்கு ஒருவரும் சொல்லாத அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

வேலை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. மறைக்காமல் சொல்கிறேன். பறவை ஆராய்ச்சி மட்டும் செய்து சம்பளம் பெறும் இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. விலங்கியல் பட்டத்தோடு ஆசிரியராகலாம், கடற்றொழில், சுற்றாடல், வனசீவராசிகள் சார்ந்த திணைக்களங்களில் விண்ணப்பிக்கலாம், மேற்படிப்புக்குப் போகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் விலங்கியல் துறை இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பேராசிரியர் சரத் கொட்டகம 1976 இல் தொடங்கிய களப் பறவையியல் குழு இன்றும் நடக்கிறது. அங்கே பழகினால் துறையின் ஆட்களைத் தெரிந்துகொள்வாள்.

பாதுகாப்புப் பற்றி: தனியாகப் போக வேண்டாம், இருவர் மூவராகப் போகட்டும், வீட்டில் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும். கண்ணிவெடி அகற்றப்படாத இடம் என்று பலகை வைத்திருந்தால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. எங்கள் மண்ணில் பறவை பார்க்கிறவர் அறிய வேண்டிய முதல் விதி அதுதான்.

இன்னொன்றும் மகளுக்குத் தெரியட்டும். கௌதாரி, கரிக்குருவி, நீண்டவால் கீச்சான், கள்ளிப்புறா ஆகியவற்றை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று தென்னிலங்கைப் பறவை ஆர்வலர்கள் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஏறி வருகிறார்கள். இந்தத் தீவில் அவை வாழ்வது பெரும்பாலும் நம் வறண்ட கரையில்தான். உங்கள் மகளுக்கு அவை ஒழுங்கை முடிவில் இருக்கின்றன.

கேள்வி: மண்டைதீவுப் பக்கம் பூநாரை வந்தால் படம் எடுக்கப் பெரிய கூட்டம் போகிறது. சிலர் தண்ணீருக்குள் இறங்கித் துரத்திப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். இதனால் கெடுதல் உண்டா?
— பாடசாலை மாணவன், வேலணை

பெரிய கெடுதல் உண்டு, தம்பி. பூநாரை தலையைக் கவிழ்த்து, கலங்கல் நீரை அலகால் வடித்து, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களைத் தின்பது. நாள் முழுவதும் தின்றால்தான் அந்த உடம்புக்குப் போதும். துரத்திப் பறக்கவிட்டால் தின்று சேர்த்த சத்து வீணாகிவிடும். வாடைக்காற்றோடு வந்து பங்குனி, சித்திரையில் திரும்பும் உள்ளான்களுக்கு இன்னும் கடினம். கொழுப்புச் சேராமல் கிளம்பினால் வழியில் விழுந்து சாகும். வீதியில் நின்று பார். பறவை தின்பதை விட்டுத் தலையை நிமிர்த்தினால் நீ கிட்டப் போய்விட்டாய் என்று பொருள், பின்வாங்கு. துரத்துகிறவர்களின் படத்தைப் பகிராதே. உன் ஊர்ப் பெரியவர்களிடமும் இதைச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

கேள்வி: எங்களுக்குத் தொலைநோக்கியும் இல்லை, வசதியும் இல்லை. மார்கரெட் அம்மையார் செய்தது போல யாழ்ப்பாணத்தில் எந்தப் பறவையை எடுத்து எப்படித் தொடங்கலாம்?
— சகோதரிகள் இருவர், அளவெட்டி

புலுனியை (தவிட்டுக்குருவியை) எடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தொலைநோக்கி தேவையில்லை. கிணற்றடிக்கும் வேலியடிக்கும் தானாக வருகிறது. ஆறு, ஏழு, பத்து என்று கூட்டமாகவே திரிகிறது. ஒரு கூட்டம் பெரும்பாலும் ஒரே வட்டாரத்துக்குள்தான் இருக்கும். வளையம் இடாமலே கூட்டத்தை அடையாளம் காணலாம். வால் இறகு முறிந்தது, ஒரு கால் நொண்டுவது என்று கூட்டத்துக்குள் ஒன்றிரண்டைத் தனியாகவும் அறியலாம். கூட்டில் குஞ்சு இருக்கும்போது தாய், தந்தை மட்டுமன்றி கூட்டத்தின் மற்றப் புலுனிகளும் இரை கொண்டுவருகின்றன. எந்தப் புலுனி எத்தனை முறை கொண்டுவருகிறது, கடந்த ஈட்டில் பிறந்தவையும் உதவுகின்றனவா, கூட்டம் பெரிதானால் குஞ்சுகள் கூடுதலாகப் பிழைக்கின்றனவா? பலாலி வீதி ஓரத்து வீட்டு வளவில் இருந்து கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

சுடலைக்குயிலையும் பாருங்கள். தலையில் கொண்டையும் கறுப்பு, வெள்ளை உடலும் உள்ளது. அது தன் நீல முட்டையைப் புலுனியின் நீல முட்டைகளோடு இட்டுவிட்டுப் போய்விடும். அதன் குஞ்சு, சாதாரணக் குயிலினம் சில செய்வது போல, மற்றக் குஞ்சுகளை வெளியே தள்ளுவதில்லை. புலுனிக் குஞ்சுகளோடு சேர்ந்து வளர்கிறது. மார்கரெட் தன் குருவிக் கூட்டில் கௌபேர்ட் முட்டையைக் கண்டு குறித்துவைத்த அதே வகைக் கதை, நம் பூவரசங் கொப்பில் நடக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவு. ஒரு கொப்பி, ஒரு பென்சில். பேனை மழையில் கரைந்துவிடும். நாள், நேரம், காற்று எந்தப் பக்கம், கூட்டத்தில் எத்தனை, என்ன தின்றன, யாரோடு சண்டை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நினைத்ததை எழுத வேண்டுமானால் பக்கத்தின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள். வராத நாளையும் ‘வரவில்லை’ என்று எழுதுங்கள், அதுவும் தகவல். கூட்டுக்குக் கிட்டப் போய் நிற்க வேண்டாம், காகம் உங்களைப் பார்த்துக் கூட்டைக் கண்டுபிடிக்கும்.

ஒவ்வொரு மாத முடிவிலும் கொப்பியின் பக்கங்களைத் தொலைபேசியில் படம் எடுத்து வேறொரு வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் காரணமாக, வலிகாமத்துச் சனம் முழுவதும் செம்மணி வழியே தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவை அங்கேயே இருந்தன. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, என் பறவைக் கொப்பிகளும் இல்லை. எங்கள் தலைமுறையில் எத்தனை வீடுகளில் எத்தனை கொப்பிகள் அப்படிப் போயின. அந்த ஆண்டுகளின் பறவைகளை இனி யாரும் எண்ண முடியாது. உங்களுடையது அப்படிப் போகக் கூடாது. ஈபேர்ட் என்ற இணையத் தரவுத்தளத்தில் பணம் கட்டாமலே பதிவு செய்யலாம், அங்கே சேர்த்தாலும் நல்லது.

வளவில் உள்ள காய்ந்த இலைகளைக் கூட்டி எரிப்பதை ஒரு மூலையிலாவது நிறுத்துங்கள். புலுனி சருகுக்குள்தான் பூச்சி கிளறித் தின்னும். அம்மா ஏசினால் என்னுடைய பெயரைச் சொல்லுங்கள்.

புலுனிக் குறிப்பு எடுக்கத் தொடங்குகிற எவரும், அளவெட்டியானாலும் ஸ்காபரோவிலிருந்து விடுமுறையில் வந்து போகிறவரானாலும், இந்தப் பகுதிக்கு எழுதலாம். ஊர், நாள், நேரம், கூட்டத்தின் எண்ணிக்கை ஆகிய நான்கும் இருந்தால் வெளியிடுவேன். கூடு இருக்கும் மரம் எது என்பதை மட்டும் எழுத வேண்டாம். அச்சில் வந்தால் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.